பதினொன்றாவது ஆளுக்குக் காத்திருந்த வெயில்

நெத்திலி கருவாடாக எத்தனை வெயில் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? அலசி, உப்புப் போட்டு, பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் பரப்பினால், தை மாசத்தில் முழுசாக ரெண்டு வெயில் காய வேண்டும் என்று கடற்கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கொம்பாந்துறைப் பெண்கள் மட்டும் அந்த வருஷம் அப்படிச் சொல்லவில்லை. அவர்களைக் கேட்டிருந்தால், "ஞாயித்துக்கிழமையா, மத்த நாளா? நம்ம பயலுவ எத்தன கோலு வாங்கினானுவ?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஏனென்றால் அந்த வருஷம் கொம்பாந்துறையில் ஃபுட்பால் டீம் தோற்கத் தோற்கப் பகல் நீண்டது.

ஜெனோவாவுக்கு இதில் ரெட்டை அக்கறை. அவள் கருவாடு போட்டு விற்கிறவள்; அவள் புருஷன் கிளீட்டஸ் அந்த டீமின் கோல்கீப்பர்.

ஒரு காலத்தில் கொம்பாந்துறை டீம் என்றால் எட்டு ஊர்க் கடற்கரையும் எழுந்து நிற்கும். கப்புகளை வைக்க இடமில்லாமல் கோயில் பாட்டுக்குழு அறையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஃபைனலில், கடைசி நிமிஷத்தில், குழந்தை உருட்டிவிட்ட மாதிரி மெதுவாக வந்த ஒரு பந்து கிளீட்டஸின் ரெண்டு காலுக்கும் நடுவே போனது, அதோடு அந்தக் காலம் முடிந்தது. சென்டர் ஃபார்வர்டு கத்தாருக்குப் படகோட்டப் போனான், ரெண்டு பேருக்குப் போலீஸ் வேலை கிடைத்தது, ஒருத்தன் பெண் கட்டின ஊருக்கே ஆடப் போய்விட்டான், மிச்சம் இருந்தது இருபத்தொன்பது வயசுக் கிளீட்டஸும் மீசை முளைத்தும் முளைக்காத பத்துப் பயல்களும். அந்தப் பந்து போன நாளிலிருந்து ஊரில் கிளீட்டஸுக்கு 'ஓட்டை வலை' என்று பேர். கல்யாணமான புதுசில் வாய் ஓயாமல் பேசி, சோறு ஆறிப்போகிற வரைக்கும் கதை சொல்லி ஜெனோவாவைச் சிரிக்க வைத்த அந்த மனுஷன், அதற்கப்புறம் வீட்டில் "சோறு", "தண்ணி", "சரி" என்ற மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். பிள்ளை பிறந்தபோது அழுதான், ஆனால் பேசவில்லை.

டீமை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்து, ஃபாதருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கோச்சை வரவழைத்தது. நஞ்சப்பன் என்று பேர். மில் டீமில் ஆடி, மில்லிலேயே ரிட்டயர் ஆனவர். ஒரு தகரப் பெட்டியும் ஒரு விசிலுமாக வந்து இறங்கி, கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கினார். கரையில் புருஷன் பெண்டாட்டியே ஒருத்தரை ஒருத்தர் அதட்டித்தான் கூப்பிடுவார்கள். இவரோ மைதானத்தில் மேய வந்த ஆட்டைப் பார்த்துக்கூட, "கொஞ்சம் தள்ளிப் போங்க சாமி" என்று சொல்கிறவர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும், வெளியூரில் ஆடியிருந்தால் வேனில் திரும்பி வந்ததும், பதினொரு பேரையும் கொம்பாந்துறை மைதானத்தில் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார வைப்பார். ஒவ்வொருத்தருக்கும் அன்றைய ஆட்டத்தில் அவரவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்வார். அது அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது. பதினொரு பேருக்கும் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

முதல் ஆட்டத்தில் அஞ்சு கோல் வாங்கித் தோற்றார்கள். கோச் வரிசையின் முதல் பயலிடமிருந்து ஆரம்பித்தார். "கண்ணு, நீங்க மூணு தடவை விழுந்தீங்க, மூணு தடவையும் ரெஃப்ரியைப் பார்க்காம எந்திரிச்சீங்க பாருங்க, அது அருமைங்க" என்றார். ரெண்டாவது ஆளுக்கு யோசித்தார், மூன்றாவது ஆளுக்கு இன்னும் கொஞ்சம் யோசித்தார். அந்த நேரம் சூரியன் கடலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வரிசையின் கடைசியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த கிளீட்டஸிடம் வந்து, "தம்பி, ரெண்டாவது பாதியில ஒரு கார்னரை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சீங்க. அந்தச் சத்தம் எனக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுதுங்க. நல்ல சத்தம்ங்க" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் சூரியன் இறங்கியது. கோயில் மணியடிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமாக இருட்டுகிற நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகியிருந்தது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று அவர் அதைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கிளீட்டஸ், "பந்து நெஞ்சில படும்போ ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கியா பிள்ளே?" என்றான். ஜெனோவா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து, "கேட்டதில்லியே" என்று மட்டும் சொன்னாள். அவன் இன்னும் ரெண்டு வாக்கியம் பேசினான்.

மூன்றாவது தோல்விக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மூணு கோலுக்கு அரை மணி நேரம், ஏழு கோலுக்கு ரெண்டு மணி நேரம். ஆட்டம் எத்தனைக்கு மோசமோ, அத்தனைக்கு நல்லது கண்டுபிடிக்கக் கோச்சுக்கு நேரமாகும், அதுவரை சூரியன் காத்திருக்கும். இதில் வியக்க என்ன இருக்கிறது, வேலை முடியாமல் யார்தான் வீட்டுக்குப் போவார் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. ஃபாதர் மட்டும் மாலை ஜெபத்தைக் கடிகாரப்படி வைப்பதா வெளிச்சப்படி வைப்பதா என்று ரெண்டு ஞாயிறு குழம்பினார். கடைசியில் மணி கடிகாரப்படி அடிக்கும், ஜெபம் இருட்டினபடி நடக்கும் என்று தீர்த்து வைத்தார். கோழிகள் அடையப் போகாமல் முற்றத்தில் நின்றே தூங்கப் பழகின. வடக்கூரில் ஆறே முக்காலுக்கு இருட்டிவிடும், ஓடைப் பாலத்தைத் தாண்டினால் கொம்பாந்துறையில் பொன் வெயில். அதனால் வடக்கூர்ப் பெண்கள் பள்ளிக்கூட யூனிஃபார்மைத் துவைத்துக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்து காயப் போட்டார்கள். கல்யாண போட்டோ எடுக்கிற ஒருத்தன் புது ஜோடிகளை அழைத்து வந்தான். மைதானத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பியூஸ் போனபோது, இனி இது எதற்கு என்று யாரும் மாற்றவில்லை.

எல்லாரைவிடவும் கருவாட்டுக்காரிகளுக்குத்தான் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்து ஓரமெல்லாம் வலை விரித்துவிடுவார்கள். மாலை வெயில் சுடாது, மீனைக் கருக்காது, நின்று நிதானமாகக் காயவைக்கும்; அப்படிக் காய்ந்த நெத்திலி வெள்ளிக் கம்பி மாதிரி வளையாமல் நின்றது. நன்றி மறக்காதவர்கள், வாரம் தவறாமல் கோச்சின் வாசலில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள். மனுஷர் கருவாட்டு வாசத்துக்கே மூக்கைப் பிடிக்கிறவர். ஆனாலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, "எப்படிங்க இவ்வளவு நேராக் காய வைக்கிறீங்க?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதில் கருவாட்டுக்காரி ஸ்டெல்லா மயினி மூன்று நாள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஆனால் ஊர் என்றால் ரெண்டு கட்சி இருக்கும். எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஐஸ்கார அருளப்பன். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர். ஒரு ஆட்டம் விடாமல் வெளியூர் மைதானமானாலும் வந்து, கொம்பாந்துறை கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று, தொண்ணூறு நிமிஷமும் கிளீட்டஸைத் திட்டுகிறவர்.

"தோத்தவனுக்குப் பாராட்டு குடுத்தா அவன் எதுக்குவே ஜெயிக்கணும்?" என்று அவர் ஐஸ் உடைக்கிற கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார். "ஒம்பது ஆட்டம், ஒம்பதும் தோல்வி. இவரு என்னடான்னா அருமைங்க, அற்புதம்ங்கன்னு சொல்லுதாரு. என்னத்தவே அற்புதம்?"

"பயலுவ மூணு மாசத்தில நல்லா ஓடுறானுவ அண்ணே" என்பான் யாராவது.

"ஓடாம? தோத்துட்டு ஊருக்குள்ள வர ஓடித்தான் ஆகணும்!"

"ஒமக்கு ஐஸ் உருகுது, அதான் எரியுது" என்பாள் ஸ்டெல்லா மயினி.

"ஆமா, உருகுது! பெட்டிக்குக் கால்வாசி தண்ணியாப் போகுது. உங்களுக்கு என்ன, தோத்தா கருவாடு. நீங்க ஊருக்கு ஆளா, நெத்திலிக்கு ஆளா?"

கோச்சைத் திருப்பி அனுப்பச் சொல்லி அருளப்பன் மூணு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். பத்தாவது ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே கூட்டம் போட்டு, மனுவை வாசித்து, கை தூக்கி முடிவு செய்வது என்று பேச்சு. நாற்பது பேருக்கு மேல் கை தூக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு ஜெனோவாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸும் கருவாடும் கிடக்கட்டும். கோச் போய்விட்டால் ஞாயிறுதோறும் தன் புருஷன் வீட்டுக்குக் கொண்டு வருகிற அந்த ஒரு நல்ல வார்த்தை போய்விடும், அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்த மனுஷன் மறுபடி உள்ளே போய்விடுவான். அவளுக்கு அதுதான் பயம்.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலில் ஆட்டத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவது ஊர் வழக்கம். முன்வரிசையில் டீம் ஜெயிக்க வேண்டி ஆண்கள் கொளுத்துவார்கள். பின்னால், யாரும் கேட்காமலும் யாரும் சொல்லாமலும், கருவாட்டுக்காரிகளின் வரிசை ஒன்று சில வாரங்களாக முளைத்திருந்தது. பத்தாவது ஆட்டத்து ஞாயிறு காலையில் நெத்திலி கூடை கூடையாகக் கரை ஏறியது. ஜெனோவா ஆசைப்பட்டு மூணு கூடை எடுத்துவிட்டாள். மேற்கே மேகம் மூட்டம் போட்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குருசடிக்குப் போனவள், முன்வரிசையில் வைக்கத்தான் குனிந்தாள். ஈர மீன் நினைப்பு வந்தது. ஒரு எட்டுப் பின்னால் வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு, அந்தோணியாரின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அன்றைக்கு டீம் ஒன்பது கோல் வாங்கியது.

ஒன்பதாவது விழுந்தபோது ஜெனோவா தான் விரித்த மீனைப் பார்க்கவேயில்லை. போஸ்டுக்குப் பின்னால் அருளப்பன் தொண்டை கட்டிப்போய், சத்தமில்லாமல் கையை மட்டும் ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேகம் விலகி, சூரியன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. கூட்டத்துக்கு வந்த ஊரும் மணலில் உட்கார்ந்தது. கோச் ஒவ்வொருத்தனுக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். லெஃப்ட் பேக் பயலிடம், "அழுதுட்டே ஓடுனீங்க கண்ணு. ஓடுறதை நிறுத்தலைங்க" என்றார். பத்தாவது ஆள் வரைக்கும் வந்துவிட்டார். அப்புறம் கிளீட்டஸுக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தார், மூடினார்.

கோயில் மணி எட்டு அடித்தது. வெயில் அப்படியே இருந்தது. கிளீட்டஸ் கையுறையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, "விடுங்க கோச், ஒண்ணும் இல்ல" என்று எழுந்தான்.

"உட்காருங்க தம்பி. இருக்குதுங்க. எனக்குத்தான் கண்ணுல படலை" என்றார் நஞ்சப்பன்.

எட்டரை ஆனது. கைப்பிள்ளைகள் தூங்காமல் சிணுங்கின. ஜெனோவாவின் மகள் அவள் தோளைக் கடித்தாள். கூட்டத்திலிருந்து ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். "ஒம்பது தடவையும் வலையிலருந்து பந்த அவனேதான் எடுத்துக் குடுத்தான், கோச்சே!" என்று ஒருத்தன் கத்தினான், கூட்டம் சிரித்தது, சூரியன் அசையவில்லை. "நேரத்துக்கு வந்தான்" என்றாள் ஒருத்தி. எல்லாரும்தான் நேரத்துக்கு வந்தார்கள். ஒன்பது அடித்தது. மைதானத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனுஷனிடம் சொல்ல ஒரு நல்லது இல்லாமல் போனால் இனி இந்த ஊரில் ராத்திரியே வராது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

ஜெனோவா எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராக அருளப்பனிடம் போனாள்.

"அருளப்பண்ணே, நீங்க சொல்லுங்க."

"நானா? என்ன பிள்ளே விளையாடுறியா?"

"கோச் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்னாரு. நாங்க மீனைப் பாத்துக்கிட்டு இருந்தோம். எம் புருஷனப் பக்கத்தில நின்னு பாத்தது நீங்க ஒரு ஆளுதான்."

"நான் திட்டுறதுக்குல்லா நின்னேன்!"

"திட்டணும்னா பாக்காமலா திட்டுனீங்க?" என்றாள் ஜெனோவா. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "நானும் யோக்கியம் இல்லண்ணே. மூணு கூடை மீனுக்காவ, தோக்கணும்னு திரி கொளுத்துனவ நான். எம் புருஷன் வாங்கின கோலுல எனக்கும் பங்கிருக்கு."

ஸ்டெல்லா மயினி எழுந்து, "நான் ரெண்டு திரி கொளுத்தினேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "நானும்" என்றாள். ஏழெட்டுக் குரல் வந்தது. ஃபாதர் காது கேட்காதவர் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அருளப்பன் மனுவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கட்டிப்போன தொண்டையைச் செருமினார்.

"எட்டாவது கோலு அந்த லெஃப்ட் பேக் பய காலு வழுக்கினதால விழுந்தது" என்றார், யாரையும் பார்க்காமல். "பய முகத்தைப் பொத்திக்கிட்டு நின்னான். இவன் பந்த எடுக்கப் போகல. முதல்ல அவங்கிட்ட போனான். தலையில கைய வச்சு, 'இது எம் பந்துலே, ஒனக்குள்ளது இல்ல, போய் நில்லு'ன்னான். அந்த ஒண்ணுக்கு மட்டும் இல்ல. ஒம்பது கோலுக்கும் சொன்னான். எவன் விட்ட பந்தா இருந்தாலும் அவங்கிட்ட போயி, 'இது எம் பந்து, ஒனக்குள்ளது இல்ல'ன்னான். என் காதில விழுந்தது. விழுந்தும் நான் திட்டிக்கிட்டுதான் இருந்தேன்." கிளீட்டஸைத் திரும்பிப் பார்த்தார். "நாலு வருசம் முன்ன இவங்கிட்ட அப்படி ஒருத்தனும் போய்ச் சொல்லல. நானும் சொல்லல."

நஞ்சப்பன் கிளீட்டஸின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "கேட்டீங்களா தம்பி? எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்றார். அவருடைய வாழ்நாளில் அதைவிடச் சின்னதாக ஒரு பாராட்டைச் சொல்லியிருக்க மாட்டார்.

சூரியன் போனது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. பாரம் இறக்கி வைத்த ஆள் உட்காருவது மாதிரி, ஒரே மூச்சில். அவ்வளவு நேரம் வராமல் நின்ற இருட்டு மைதானத்தில் வந்து விழுந்ததும், கைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தபடி தூங்கிப்போயின. முற்றங்களில் கோழிகள் தடதடவென்று கூட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கூட்டம் நடத்தணுமே" என்றது கமிட்டித் தலைவரின் குரல். "மனுவ வாசிங்க அருளப்பன்."

"எதை வச்சு வாசிக்க? ஒத்த லைட்டு எரியல" என்றார் அருளப்பன்.

"ஃபோன் வெளிச்சத்தில..."

"கண்ணாடி கொண்டு வரல." அவருடைய சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு இருந்ததைப் பக்கத்தில் நின்ற ஜெனோவா பார்த்தாள். அவர் மனுவை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மடிக்க முடிகிற வரைக்கும் மடித்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. எனக்குக் காலையில ஐஸ் வண்டி வரும்."

ஆட்கள் எழுந்து மணலைத் தட்டினார்கள். ஜெனோவா அந்தோணியார் இருக்கிற திசையைப் பார்த்து, ஒன்றும் வேண்டாமல், சும்மா நன்றி என்று மட்டும் மனசுக்குள் சொன்னாள். தூங்குகிற பிள்ளை கல்லு மாதிரி கனத்தது. அந்தக் கனமும் அன்றைக்கு இதமாக இருந்தது.

அப்போது இருட்டுக்குள் ஒரு ஆள் மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து அருளப்பனுக்கு முன்னால் நின்றான். நடையைக் கேட்டே அது யாரென்று அவளுக்குத் தெரிந்தது.

"அருளப்பண்ணே" என்றான் கிளீட்டஸ். நாலு வருஷத்தில் டீமுக்கு வெளியே ஊர்க்காரர் ஒருத்தரிடம் அவனாகப் போய்ப் பேசின முதல் வார்த்தை. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் போஸ்டுக்குப் பின்னாலயே நில்லுங்க."

"எதுக்குலே? திட்டவா?"

"திட்டுங்க. ரெண்டாவது பாதியில வெயிலு நேரா கண்ணுல அடிக்கி, எனக்கு இடது பக்கம் ஒண்ணும் தெரியமாட்டேங்குது. எவனாவது ஓடி வந்தா, திட்டுற திட்டோட சேத்து அதையும் கொஞ்சம் சொல்லிருங்கண்ணே."